வேலை எந்தப் படியில் நிற்கிறது? வீட்டு வேலையில் தடுமாறும் குழந்தைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

“எட்டு வயதாகிறது, ஒரு தட்டை எடுத்துவைக்கத் தெரியாது. சுத்தச் சோம்பேறி.” இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் உண்டு. “பாவம், அவளால் முடியாது, நாங்களே செய்துவிடுகிறோம்” என்று வருபவர்களும் உண்டு. இரு சாராரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த வேலையில் குழந்தை சரியாக எந்தப் படியில் நின்றுபோகிறது? அநேகமாகப் பதில் வராது. அந்தப் படியைத் தேடிப் பிடிக்கத்தான் இந்தக் குறிப்பு.

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள்; “ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில்?” என்று கேட்டுச் சிரித்தவர்களும் இருக்கிறார்கள். விளையாடுவது, உடுத்துவது, படிப்பது, உறங்குவது என்று ஒரு நாளை நிரப்பும் செயல்கள் எல்லாமே எங்கள் கணக்கில் தொழில்தான். வீட்டு வேலையும் அதில் சேரும். மனிதரின் செயல்பாடு, இயலாமை, உடல்நலம் ஆகியவற்றுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐ.சி.எஃப். வகைப்பாட்டில் வீட்டு வாழ்க்கைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அதே வகைப்பாடு ‘பங்கேற்பு’ என்பதை, வாழ்க்கைச் சூழல் ஒன்றில் ஈடுபடுவது என்று விளக்குகிறது. தன்னந்தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் இதைப் பாருங்கள்

நேற்று வரை செய்துகொண்டிருந்ததைக் குழந்தை இன்று இழந்துவிட்டதா? ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலம் குறைந்து தெரிகிறதா? புதிதாக நடுக்கம், அடிக்கடி விழுதல், வலி? வேலையின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்கிறதா? காதிலோ கண்ணிலோ ஐயமா? இவற்றில் எது இருந்தாலும் கீழே உள்ளவற்றை முயன்று நாளைக் கடத்த வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சோதனை: வாயைத் திறக்காமல் ஒரு முறை

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நேரம், வழக்கமான இடம். அருகில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பாருங்கள். மூன்று வரிகள் எழுதினால் போதும்: எந்தப் படியில் நின்றது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நின்ற பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள். கடைசி வரியைத்தான் யாரும் எழுத விரும்புவதில்லை. ஆனால் பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

“செய்ய முடியவில்லையா, செய்ய மனமில்லையா?” என்று கேட்பார்கள். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை என்பதும் ஒரு பதில்தான். அரைகுறையாகக் கைவந்த திறனுக்கு முழுக் கவனமும் வேண்டும். களைப்பு, பசி, பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சி ஆகிய எல்லாம் அந்தக் கவனத்தைத் தின்றுவிடும். “நேற்றுச் செய்தாயே!” என்பதைச் சான்றாக வைத்துக் குழந்தையைக் குற்றவாளியாக்காதீர்கள்.

அறிகுறி: “‘சரி’ என்கிறான், எழுந்திருப்பதில்லை”

சொன்ன இடத்தைப் பாருங்கள். வேறு அறையிலிருந்து, அவன் முதுகுக்குச் சொன்ன சொல் என்றால் அது போய்ச் சேரவே இல்லை. ‘சரி’ என்பது அங்கே ஓசைக்கு ஓசை. அருகில் போய், அவன் பார்வை படும் உயரத்தில் நின்று, ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்.

அதற்கும் எழவில்லை என்றால் சொன்னதைப் பாருங்கள். “அறையைச் சுத்தம் செய்” என்பது ஒரு வேலை இல்லை. இருபது வேலைகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைப்பது. எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வதே அதில் மிகக் கடினமான பகுதி. கவனக்குறைவும் மிகுசெயல்பாடும் உள்ள குழந்தைக்கு அந்த முடிவிலேயே ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. “தரையில் கிடக்கும் துணியை மட்டும் இந்தக் கூடையில் போடு” என்று கூடையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். கையில் பொருள் இருக்கும் குழந்தை பாதி தொடங்கிவிட்ட குழந்தை.

இன்னொன்று, விளையாட்டின் உச்சத்தில் அழைக்காதீர்கள். உங்களை அப்படி அழைத்தால் நீங்களும் எழமாட்டீர்கள்.

அறிகுறி: “பாதியில் விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறாள்”

மேசையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனவள், வழியில் பூனையைப் பார்த்து நின்றுவிட்டாள். அடுத்தது என்ன என்பதை மனதில் தாங்கி நிற்கும் செயல்படு நினைவு இங்கே வழுக்கிவிட்டது. “கவனமாக இரு” என்று சொன்னால் அது கூடிவிடாது. தாங்க வேண்டிய சுமையை நினைவிலிருந்து இறக்கி வெளியே வைக்க வேண்டும்.

படங்களை வரிசையாக ஒட்டலாம். வேலை நடக்கும் இடத்தில், குழந்தையின் கண் மட்டத்தில். நான்கைந்து படங்களுக்கு மேல் வேண்டாம். படத்தைவிட நல்ல வழி, பொருள்களையே வரிசையாக அடுக்குவது. துணி, தண்ணீர்க் கிண்ணம், உலர்துணி ஆகிய மூன்றும் இடமிருந்து வலமாக ஒரு தட்டில் இருந்தால், அடுத்த படி கண்ணெதிரே காத்திருக்கும்.

படிகளின் எண்ணிக்கையே பெரிதாக இருந்தால், கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். துணி மடிப்பதில் கடைசி மடிப்பை மட்டும் குழந்தை செய்யட்டும். அதற்கு முந்தையவை எல்லாம் உங்களுடையவை. அது கைவந்ததும் கடைசி இரண்டு மடிப்பு. முதல் நாளிலிருந்தே ‘முடித்துவிட்டேன்’ என்பது குழந்தையின் வாயிலிருந்து வருவதுதான் இந்த முறையின் பயன். முதல் படியிலிருந்து தொடங்கினால், தடுமாறிக் களைத்து, மீதியைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் அன்றாட முடிவாகிறது.

அறிகுறி: “கொட்டுகிறான், உடைக்கிறான், இடிக்கிறான்”

கையைக் குறை சொல்லுமுன் பொருளைத் தூக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆறு வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 20 கிலோ. ஒன்றரை லிட்டர் நிறைந்த குடுவை, பாத்திரத்தின் எடையைச் சேர்க்காமலேயே அதன் உடல் எடையில் 7.5 சதவீதம். 60 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது நாலரைக் கிலோவுக்குச் சமம். அவ்வளவையும் ஒரே கையில் நீட்டிப் பிடித்து, ஒரு சிறிய டம்ளரின் வாய்க்குள் சிந்தாமல் ஊற்றிப் பாருங்கள், பிறகு திட்டலாம்.

மாற்ற வேண்டியவை எளியவை. கைப்பிடியுள்ள அரை லிட்டர்க் குடுவை, அதிலும் பாதிதான் தண்ணீர். அடி அகன்ற, சற்றுக் கனமான குவளை. குவளைக்கு அடியில் நனைத்துப் பிழிந்த துணி இருந்தால் நழுவாது. எல்லாவற்றையும் விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்தால், சிந்தினாலும் தட்டோடு நிற்கும். துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிந்தியதைத் துடைப்பதும் அந்த வேலையின் ஒரு படிதான். தண்டனை என்ற தொனியில் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து உயரம். சமையல் மேடைகள் பொதுவாக 85 முதல் 90 செ.மீ. உயரம் இருக்கும். சுமார் 115 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு அது தோளை நெருங்கும் மட்டம். தோளை உயர்த்திக்கொண்டு வேலை செய்தால் மணிக்கட்டு சொன்னபடி கேட்காது. வேலையை முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தாழ்வான மேசை, அல்லது ஆடாத, வழுக்காத, அகலமான படிப்பலகை. உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் பாதங்கள் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும். கால் அந்தரத்தில் ஆடும்போது உடல் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளவே பாடுபடுகிறது; விரலுக்கு மிச்சம் கிடைப்பது குறைவு. பாதங்களுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்த அன்றே கை நேரானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் கை. ஒன்று பிடிக்க, மற்றது செய்ய வேண்டும். பிடிக்கும் கை மடியில் தூங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் இரண்டு கைகளும் இல்லாமல் நடக்காத வேலையைக் கொடுங்கள்: ஈரத்துணியைப் பிழிவது, மூடியைத் திருகித் திறப்பது, பெரிய போர்வையின் இரு முனைகளைப் பிடித்து உங்களோடு மடிப்பது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும், வீட்டு வேலையில் மட்டுமின்றிப் பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, பந்து பிடிப்பது என எங்கும் இதே தடுமாற்றம் இருந்தால், வளர்ச்சிசார் ஒருங்கிணைவுக் குறைபாடாக இருக்கலாம். டிஸ்பிராக்ஸியா என்றும் சொல்வார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது; வளர்ப்பின் கோளாறு இல்லை. ஒரு முறை மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். இதற்கென 2019-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள், குழந்தைக்குத் தேவையான அந்தச் செயலையே மையமாக வைத்துப் பயிற்சி தரச் சொல்கின்றன. விரல் பயிற்சி என்று மாதக்கணக்கில் மணி கோத்தால் குடுவை தானாக நேராகிவிடும் என்று நம்பிக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தண்ணீர் ஊற்ற வரவேண்டுமென்றால் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

எப்படி? கனடாவில் ஹெலீன் போலடைகோ, ஏஞ்சலா மாண்டிச் ஆகியோர் உருவாக்கிய கோ-ஆப் அணுகுமுறையில் நான்கு சொற்கள் உண்டு: குறிக்கோள், திட்டம், செய், சரிபார். திட்டத்தைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். “மெதுவாக ஊற்று” என்று நாம் சொல்வது திட்டம் ஆகாது. “ஊற்றும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று கேளுங்கள். “குடுவையை” என்பான். “அடுத்த முறை எங்கே பார்க்கப் போகிறாய்?” சற்று யோசித்து, “டம்ளரின் விளிம்பை” என்பான். அவன் வாயால் வந்த அந்தத் திட்டம் நீங்கள் பத்து முறை சொன்னதைவிட அவனிடம் தங்கும்.

அறிகுறி: “ஈரம் பட்டால் கையை உதறுகிறாள், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்”

நடிப்பு என்று நினைக்கத் தோன்றும். தொடுதலையும் ஒலியையும் சில குழந்தைகளின் நரம்பு மண்டலம் மற்றவர்களைவிட மிகுதியாக வாங்கிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படும். கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பழக்கலாம் என்று எண்ணாதீர்கள். அன்றைக்குக் கை நனையும், ஆனால் மறுநாள் அந்தப் பக்கமே வரமாட்டாள்.

வேலையை வைத்துக்கொண்டு அந்த உணர்வை மட்டும் தள்ளிவையுங்கள். கையுறை, நீண்ட கைப்பிடியுள்ள தூரிகை, ஈரத்துக்குப் பதில் உலர்ந்த துணி. ஒலிக்குக் காதுமூடி, அல்லது சுவிட்சை அவள் கையிலேயே கொடுத்துவிடுவது. எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது தன் கையில் இருக்கும்போது அதே ஒலி தாங்கக்கூடியதாகிவிடுவதுண்டு. எதுவும் பலிக்கவில்லை என்றால் வேறு வேலை கொடுங்கள். எல்லோரும் பாத்திரம் கழுவியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

அறிகுறி: “தெரபி அறையில் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை”

இதில் பிழை பெரும்பாலும் எங்கள் பக்கம்தான். ஒரு சிறுவனுக்குப் பல வாரங்கள் துணி மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். கெட்டியான மேசை, ஒரே அளவில் வெட்டிய வண்ணத் துணிகள். அழகாக மடித்தான். வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றார் அவனுடைய அம்மா. நான் நம்பவில்லை. கடைசியில் ஒரு காணொளி எடுத்துவரச் சொன்னேன். வீட்டில் துணி மடிப்பது மெத்தையின்மேல். மடிக்கக் கிடைத்ததோ அவனுடைய அப்பாவின் முழுக்கைச் சட்டை. அமுங்கும் பரப்பில், தன் உயரத்துக்கு நீண்ட துணி. நான் கற்றுக்கொடுத்த வேலையே வேறு. மறுவாரம் வீட்டுத் துண்டுகளோடு வரச் சொல்லி, அடியில் வைக்க ஒரு பலகையும் கொடுத்தேன்.

ஆகவே, தெரபிக்குப் போகும்போது வீட்டுப் பொருளைக் கையோடு கொண்டுபோங்கள். காணொளி காட்டுங்கள். வீட்டில் யாரும் செய்யாத ஒன்றை அங்கே பழக்கிக்கொண்டிருந்தால், எதற்கு என்று கேளுங்கள்; கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அறிகுறி: “நான் பக்கத்தில் நின்றால்தான் செய்கிறாள்”

உங்கள் குரலே அவளுடைய அடுத்த படியாகிவிட்டது. “இப்போது சோப்பு, இப்போது தண்ணீர்” என்று சொல்லிச் சொல்லி நாமே ஊன்றுகோலைக் கையில் கொடுத்துவிட்டோம். இறங்கும் வரிசை இது: கையோடு கை வைத்து உதவுவது, செய்து காட்டுவது, சொல்வது, விரலால் சுட்டுவது, சும்மா நிற்பது. வாரம் ஒரு படி இறங்குங்கள். ஒவ்வொரு உதவிக்கு முன்னும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடியில்தான் குழந்தை யோசிக்கிறது. நாம் நான்காவது நொடியில் குறுக்கே விழுகிறோம். பிறகு இரண்டடி தள்ளி நில்லுங்கள், அடுத்து வாசலில், அடுத்து வேறு அறையில். கத்தியும் நெருப்பும் உள்ள வேலைக்கு மட்டும் இந்தத் தள்ளி நிற்றல் பொருந்தாது.

அறிகுறி: “பரிசு கொடுத்தால்தான் கை அசைகிறது”

2006-இல் பெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் செய்த ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகள், பெரியவர் கை நழுவவிட்டு எட்டாமல் தவிக்கும் பொருளைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தன. 2008-இல் அவர்களே செய்த இன்னோர் ஆய்வில், இருபது மாதக் குழந்தைகளில் உதவிக்குப் பொருள் பரிசு பெற்றவை, பாராட்டு மட்டும் பெற்றவையையும் எதுவும் பெறாதவையையும்விடப் பின்னர் குறைவாகவே உதவின. உதவும் விருப்பம் முதலிலேயே இருக்கும் இடத்தில் பரிசு அதை அரித்துவிடலாம் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பரிசே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு மிகக் கடினமாக இருக்கும் ஒரு வேலையைத் தொடங்கிவைக்க, சில நாளுக்கு, ஒட்டுப்படம் போன்ற சிறிய ஒன்று பயன்படும். மாதங்கள் ஆகியும் அதை நிறுத்த முடியவில்லை என்றால், அந்த வேலை இன்னும் அதன் சக்திக்கு மேலேயே இருக்கிறது. பரிசைப் பெரிதாக்காமல் வேலையைச் சிறிதாக்குங்கள்.

அறிகுறி: “தன் வேலையைச் செய்கிறான், வீட்டுக்கு என்றால் ஒதுங்குகிறான்”

அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் லூயிஸ் டன் உருவாக்கிய, ‘சோர்ஸ்’ (CHORES) என்று சுருக்கமாக அழைக்கப்படும் மதிப்பீடு, வீட்டு வேலைகளைத் தற்பராமரிப்பு, குடும்பப் பராமரிப்பு என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. தன் படுக்கையைச் சரிசெய்வது முதல் வகை. எல்லோருக்கும் தட்டு எடுத்துவைப்பது இரண்டாவது. உங்கள் வீட்டுப் பட்டியலை எழுதிப் பாருங்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு முதல் வகை மட்டுமே நிறைந்திருக்கும். “முதலில் தன் வேலையைப் பார்க்கட்டும், பிறகு மற்றது” என்பார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. பல் துலக்கக் கற்கும் முன்பே வீட்டுக்கு வந்த தபாலை எடுத்துவந்து உரியவரிடம் கொடுக்கலாம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று என்ற விதி எங்கும் கிடையாது.

அவன் செய்யாவிட்டால் யாராவது கவனிப்பார்களா என்றும் பாருங்கள். ஒருவரும் கவனிக்காத வேலையிலிருந்து பெரியவர்களும்தான் நழுவுவார்கள்.

அறிகுறி: “திருத்தினால் அழுது, விட்டுவிடுகிறாள்”

நீங்கள் எழுதிய மூன்றாவது வரியைப் படியுங்கள். அவள் விரித்த படுக்கை விரிப்பை அவள் கண்ணெதிரே நீங்கள் மறுபடி இழுத்து விரித்தீர்களா? அப்படியானால் அழுகைக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. சுருக்கத்தோடு ஒரு நாள் கிடக்கட்டும்.

அறிகுறி: “சக்கர நாற்காலியில் இருக்கிறாள், இவளால் என்ன முடியும்?”

தொடக்கத்தில் சொன்ன ‘பங்கேற்பு’ விளக்கத்துக்கு வாருங்கள். ஒரு வேலையைப் படிகளாக வெட்டினால், அவற்றில் ஒன்றிரண்டாவது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். நாற்காலியின் தட்டில் துணிகளைச் சுமந்து அறை அறையாகக் கொண்டுசேர்க்கலாம். பெரிய பொத்தான் சுவிட்சை அழுத்திக் கருவியை ஓடவிடலாம். பேச்சும் கையசைவும் இல்லாத குழந்தை, இரண்டு பொருளில் எதை என்று கண்ணால் காட்டலாம். அதன்படி மற்றவர்கள் எடுத்துவைக்கலாம். ஒரு நிபந்தனை: அந்தப் படி நடக்காமல் வேலை நகரக் கூடாது. எல்லாம் முடிந்த பின் ஒப்புக்கு ஒரு முறை கையை வைக்கவிட்டால், குழந்தைக்கு அது புரிந்துவிடும்.

மாற்றம் பலித்ததா என்று அறிய

ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஒன்றொன்றாகச் செய்யுங்கள். கனேடிய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் 1991-இல் வெளியிட்ட ஓர் அளவீடு, குறிப்பிட்ட வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோம், அதில் எவ்வளவு நிறைவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் கேட்கிறது. இரண்டு புள்ளி உயர்ந்தால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்வது வழக்கம். அந்த எண்ணத்தை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையிடமும் கேளுங்கள், எண் புரியாத வயதென்றால் சிரிக்கும் முகம், சோர்ந்த முகம் வரைந்து காட்டுங்கள். உங்கள் எண்ணும் அதன் எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். நான்கு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். ஏறியிருந்தால் அடுத்த படி. அசையவே இல்லை என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இன்னொரு முறை பாருங்கள்.